வாசலில் வாசித்த ரிசல்ட்

"அருணாசலம் அண்ணாச்சி! சீனி முந்நூறத் தாண்டிட்டு! கல்யாண வீட்டுல ரெண்டு பந்தி உக்காராதீரும்னு சொன்னேம்லா?"

பாளையங்கோட்டையில் தன் ரத்தப் பரிசோதனை லேப் வாசலில் நின்று சத்தியநேசன் கூவினார். எதிர் டீக்கடை மொத்தமும் சிரித்தது. அருணாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார்.

உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டர் சித்ரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிகளின் விவரங்களை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகவே சென்னையிலிருந்து ஊர் ஊராக லேப்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்.

"என்ன சார் இது? அடுத்தவங்க வியாதிய இப்படி ஏலம் போடறீங்க!"

"எங்கிட்ட ஒளிவு மறைவே கெடையாதும்மா. ஊருக்கே தெரியும்" என்றார் சத்தியநேசன் பெருமையாக. வெட்கம் கெட்ட மனுஷன்.

அப்போது கொம்பையா ரிசல்ட் வாங்கத் தயங்கித் தயங்கி வந்தான். பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவன். ஆள் பாதியாகியிருந்தான். டீக்கடையில் பேச்சு நின்றது.

எய்ட்ஸ்தான் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சொரிமுத்து, டீக்கடையிலேயே காத்திருந்தார். அந்த நோய் என்றால் பொண்டாட்டி பிள்ளையோடு இன்றைக்கே தெருவில்தான் என்று சொல்லியிருந்தார்.

சித்ரலேகா பதறினார். "சார், கெஞ்சிக் கேக்கறேன். இவரோடதையாவது..."

சத்தியநேசன் காதிலேயே வாங்கவில்லை.

"ஏலே கொம்பையா! ஒனக்கு டைபாய்டுலே! வேற ஒரு மண்ணும் கெடையாது! உள்ள வா, ரிப்போர்ட் தாரேன்!"

சொரிமுத்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "சத்தியநேசன் வாயில ரகசியம் நிக்காது வே. அவரே டைபாய்டுங்காருன்னா டைபாய்டுதான். இருந்துட்டுப் போறான்."

கொம்பையா உள்ளே வந்ததும் சத்தியநேசன் கதவைச் சாத்தினார். அவர் குரல் அத்தனை தணிந்து சித்ரலேகா அதுவரை கேட்டதில்லை.

"தெரு சொன்னதுதாம்லே நெசம். பயப்படாத. தொட்டா, பேசுனா ஒட்டாது. ஆனா ஒம் பொண்டாட்டிகிட்ட இன்னைக்கே சொல்லணும், அவளுக்கும் பாக்கணும். மருதையில நல்ல டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

கொம்பையா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அப்போ வாசல்ல கூவினது?" என்றார் சித்ரலேகா.

"மத்தவன் சீனியெல்லாம் நெசமாக் கூவுனாத்தானம்மா, இவனுக்காகச் சொல்லுத பொய்ய ஊரு நம்பும்!"