வெயிலில் ஒரு மழைக்கோட்டு

"வெயில் இப்படிக் காயுது, மழைக்கோட்டு எதுக்கு?" என்றாள் மார்லூஸ்.

"ஆனெகேயைப் பார்க்கப் போறேன். அவதான் போட்டுட்டு வரச் சொன்னா," என்றார் யோரிஸ், பழைய ஷூவின் நாடாவை இறுக்கிக்கொண்டே.

"வாராவாரம் அந்த ஆனெகே! என் நீச்சல்குளத்துக்குக் கூப்பிட்டா மட்டும் தலைவலி வந்துடும்."

"குளோரின் வாடை எனக்கு ஆகலையே, கண்ணு!" சிரித்தபடி சைக்கிளில் பறந்தார்.

மூன்று வயது வாண்டு முதல் எண்பது வயதுப் பெரியவர் வரை நீந்த வைத்தவள் மார்லூஸ். கட்டிய கணவரை மட்டும் முழங்கால் அளவுகூட நனைய வைக்க முடியவில்லை.

தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊர் நீச்சல்குளத்தில் தேர்வு நடத்துபவருக்குக் காய்ச்சலாம். அவளை உடனே வரச் சொன்னார்கள்.

அங்கே வாண்டுகள் சட்டை, ஷூவோடு வரிசையில் நின்றன. ஊரெல்லாம் கால்வாய்; அதில் தவறி விழுந்தால் உடுத்திய துணியோடுதானே நீந்தியாக வேண்டும்? தேர்வும் அப்படித்தான். மார்லூஸ் விசில் ஊதினாள். ஒவ்வொன்றாகக் குதித்தன.

கடைசியாகக் குதித்தது ஒரு மழைக்கோட்டு. "விடாதீங்க, காலை உதைங்க!" என்று கரையோரமாகக் கூடவே ஓடினாள் பயிற்சியாளர் ஆனெகே.

மறுமுனையில் மூச்சுவாங்க நிமிர்ந்த தலையைப் பார்த்து, "ஏங்க, இதை என்கிட்ட கத்துக்கிட்டா ஆகாதா?" என்றாள் மார்லூஸ்.

"தண்ணியிலயாவது திட்டு வாங்காம இருக்கலாம்னு பார்த்தேன். இங்கேயும் வந்துட்டியே!"