உள்ளறை இருமல்

மூடிய அறைக்குள் யாரோ இருமினார்கள். அடுத்தடுத்து மூன்று இருமல், பிறகு களைத்துப்போன ஒரு பெண்குரல்: "என்ர மாதாவே."

கஜானிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. போன கிழமையும் இதே வீட்டில் இதே கதைதான். குருசுமுத்து ஐயாவின் இருமலைப் பதிவு செய்யப்போனால், உள்ளேயிருக்கும் ஆளின் இருமலும் கூடவே வந்து ஏறிவிடுகிறது.

கஜானி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம். இருமலைக் கேட்டு நுரையீரல் வருத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு செயலியைப் பழக்குவதுதான் அவளுடைய முதல் ஆய்வு. அதற்கு உண்மையான மனிதர்கள் உண்மையாகவே இரும வேண்டும். சோடியாக வந்திருக்க வேண்டிய றஞ்சனி, "இந்த வெயிலுக்க எனக்கு ஏலாதடி, நான் விடுதியில இருந்து எழுதுறன்" என்று நழுவிவிட்டாள். ஆகவே மண்டைதீவில் வீடு வீடாகப் போய், "ஒருக்கா இருமிக் காட்டுங்கோ" என்று கேட்கும் பாக்கியம் கஜானிக்கு மட்டும்தான். பாதி வீடுகளில் நாய்தான் பதில் சொன்னது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பேச ஒரு ஆளில்லை.

மறுப்புச் சொல்லாமல் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டவர் குருசுமுத்து ஒருவர்தான். கடற்றொழிலை விட்டு வீட்டோடு இருப்பவர். முதல் நாளே கேட்டார்.

"உந்தப் போன் என்ன செய்யும், பிள்ளை?"

"இருமலைக் கேட்டாலே போதும் ஐயா, என்ன வருத்தமெண்டு சொல்லிப்போடும்."

கொஞ்சம் பீற்றல்தான். அந்தச் செயலிக்கு இருமலுக்கும் தும்மலுக்குமே இன்னும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர் போனைப் பார்த்த பார்வையில் அவளுக்குத் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

"ஆரின்ர இருமலெண்டாலும் சொல்லுமோ?"

"ஓம். ஆனா இருமிற ஆள் நேர வந்து சம்மதம் சொல்லவேணும்."

அவர் தலையாட்டினார். "பொறும், தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று அறைக்குள் போனவர், வெளியே வந்து கதவை இறுக்கிச் சாத்தினார். பிறகுதான் பதிவு நடந்தது.

அந்தப் பதிவை விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். "ரெண்டு பேர் இருமினம். போதாததுக்கு மழை இரைச்சல் வேற. திரும்பப் போய் எடும்."

மழையாம் மழை! கிணறெல்லாம் வற்றி, பவுசர் வண்டித் தண்ணீருக்குச் சனம் வாளியோடு நிற்கிற காலம். தகரக் கூரையில் காற்று அடித்திருக்கும், இந்த மனுசனுக்கு ஏசுவதற்கு ஏதாவது வேண்டும் என்று கஜானி முணுமுணுத்துக்கொண்டாள்.

இன்றைக்கும் ஐயா தண்ணி குடிக்கப் போனார், கதவைச் சாத்தினார். இன்றைக்கும் அதே மூன்று இருமல், அதே மாதாவே.

"உள்ளுக்க ஆர் ஐயா?"

"ஒருத்தருமில்லை."

வாசற்படியில் பெண்கள் போடும் செருப்பு ஒரு சோடி கிடந்தது. கஜானி அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காசநோய்! சனம் அறிந்தால் ஒதுக்கிவிடும் என்று பயந்து, ஒரு பெண்ணை இந்த வெக்கையில் அறைக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். ஆய்வும் புள்ளியும் அவளுக்கு மறந்தே போயின. இப்படியே விட்டால் அந்த மனிசி செத்துப்போவாள்.

"ஒளிக்காதேங்கோ ஐயா. கசமெண்டாலும் இப்ப மருந்து இருக்கு, காசில்லாமல் தருவினம். நேரத்தோட கொண்டுபோனா சுகம் வரும்."

"நேரத்தோட கொண்டுபோனா…" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். கதிரையில் இருந்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் கூட்டிக்கொண்டு வராட்டி நான் ஆசுப்பத்திரிக்கு அறிவிப்பன். பாவமெல்லே, தனிய உள்ளுக்க கிடந்து இருமிறா!"

"இஞ்ச எல்லாம் தனியத்தான் பிள்ளை. மகன் பிரான்சில. நான் வாய் திறந்து கதைச்சதே நீர் வந்த நாளிலதான்."

கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு உயிரை விட்டுவிட முடியுமா?

"அப்ப அவவை வெளியில கூப்பிடுங்கோ. அவவே சம்மதம் சொல்லட்டும்."

குருசுமுத்து எழும்பிக் கதவைத் திறந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவரோடு யாரும் வரவில்லை. கையில் கண்ணாடி வெடித்த ஒரு பழைய போன் இருந்தது. பெருவிரலால் அதைத் தட்டி, அவளுடைய போனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று இருமல். "என்ர மாதாவே."

"போன மாரி மழைக்க, இந்தப் போனில மகனுக்குக் கதைச்சு அனுப்பப் பார்த்தவ. இருமல் விடேல்லை. தடிமன்தானேயெண்டு நான் மல்லி அவிச்சுக் குடுத்துப்போட்டு இருந்திட்டன்."

அவர் அவளுடைய போனையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இப்பவாவது சொல்லச் சொல்லும் பிள்ளை… என்ர மனிசி என்ன வருத்தத்தில செத்தவ?"