பக்கத்து நாற்காலி

வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவர்களுக்கு வேலை அனுமதி தரும் அலுவலகம் அது. கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்குக் காலையிலிருந்தே தலைக்கு மேல் வேலை.

"மேடம், படிப்பு முடிஞ்சு வேலையும் கெடச்சாச்சு. பர்மிட்தான் வரல. திங்கக்கிழமை சேரலைன்னா..." இழுத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

"இன்னும் மூணு மாசம் ஆகும் தம்பி."

"ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு பேர் வேலையை நான் ஒருத்தியே இழுத்துப் போட்டுச் செய்றேன். இந்தப் பக்கத்து நாற்காலிக்கு ஆள் எடுத்து ரெண்டு மாசமாச்சு. அந்த மகராசன் இன்னும் எட்டிக்கூடப் பாக்கல! கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்? அவன் வந்திருந்தா உங்க ஃபைல் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அவன் தன் நியமனக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.

அந்த அம்மா படித்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அட, அந்த மகராசன் நீங்கதானா! வாங்க, உள்ள வாங்க!"

வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறக்கப் போனவரின் கை, பழக்க தோஷத்தில் பாதியிலேயே நின்றது.

"பர்மிட் இருக்கா?"