இறக்கி வைத்தல்

தணிகாசலத்துக்குக் கெட்டில்பெல்லைத் தூக்க வந்துவிட்டது, வைக்கத்தான் வரவில்லை. கைப்பிடி வைத்த அந்த இரும்புக் குண்டு தினமும் வியர்வையில் வழுக்கி, மாடித் தரையில் தொம்மென்று விழும். "அப்பாவுக்கு ரொம்ப முடியலண்ணே. அந்தச் சத்தத்துக்கு தூக்கிவாரிப் போடுது," என்று கீழ்வீட்டு ரெஜினா போன வாரம் வந்து சொன்னாள். பழைய மெத்தையை விரித்துக்கொள்ள நினைத்தான், நினைத்ததோடு சரி. இன்று காலை குண்டும் கையுமாக அவன் நிற்கையில் மறுபடி வந்தாள். "வாசல்ல பந்தல் போடணும். உங்க வண்டிய கொஞ்சம் எடுக்கறீங்களா?" அழுது வீங்கிய கண்கள் குண்டின்மேல் வந்து நின்றன. "இனிமே எப்படி வேணும்னாலும் வைங்கண்ணே." அவள் போய்விட்டாள். கீழே நாற்காலிகள் இறக்கும் சத்தம் கேட்டது. மற்ற கையால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, குண்டைக் கீழே வைக்காமலே படியிறங்கினான்.