நாலு இஞ்ச்

காலை வெயில் பட்டறையின் தகரக் கதவைத் தாண்டி, ஜீப்பின் முன்சக்கரம் வரைக்கும்தான் வந்திருக்கிறது. மேசைமேல் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள் நிற்கின்றன. ஒன்று வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தும், மற்றது நாலு. வண்டிக்காரர், தேங்காய் பார்த்து வாங்கத் தெரியாதவரைப் போல, இரண்டையும் விரலால் தட்டிப் பார்க்கிறார். "காட்டுப் பாதைக்குப் புதுசுதானே சார்? ரெண்டே போதும். நாலு ஏத்தினா வளைவுல ஆடும்," என்கிறார் மெக்கானிக். "வீட்டம்மா ஏறுறதுக்கும் ஏணிதான் வைக்கணும்." சிரித்துக்கொண்டே முன்சீட்டுக்கு அடியிலிருந்து நீல பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை உருவுகிறார். "நாலு ஏத்தினா, ஏற இது எட்டாது." முக்காலியின் மேல் காய்ந்த சேற்றில் ஒரு செருப்புத் தடம், சிறுமியுடையதைப் போல அத்தனை சின்னது. கூட வந்திருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, தொண்டையைச் செருமுகிறான். அதற்குள் வண்டிக்காரரே சொல்லிவிடுகிறார், யார் வீட்டுச் செய்தியையோ சொல்வதுபோல: "அவ போன மாசம் தவறிட்டா." மூலையில் காற்றடிக்கும் இயந்திரம் தானாக நின்றுபோகிறது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று மெக்கானிக் வாயைத் திறக்கிறார். தொழில்தான் வாயில் வருகிறது. "அப்ப... ஏற வேற ஆள் இல்லேன்னா, நாலே போட்டுடலாம் சார்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வண்டிக்காரர் தலையாட்டுகிறார். "சரி, நாலே போடுங்க." மச்சான் கை நீட்டி முக்காலியை வாங்கிக்கொள்கிறான். எங்கே வைப்பதென்று தெரியாமல், அக்காவின் தடத்தில் விரல் பட்டுவிடாமல், ஓரத்தைப் பிடித்தபடியே நிற்கிறான்.