பத்தடி தள்ளி ஒரு ஆள்

டை கட்டின அந்த ஆள் இன்றைக்கும் அவர்கள் பின்னாலேயே வந்தான்.

சோபாப் பக்கம் போனால் சோபாப் பக்கம். கட்டில் பக்கம் திரும்பினால் கட்டில் பக்கம். கிட்டேயும் வருவதில்லை, விட்டுத் தொலைவதும் இல்லை. சரியாகப் பத்தடி தள்ளி, கையில் ஒரு குறிப்பு நோட்டோடு.

"அம்மா, நிழல் மாமா வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள் சின்னவள்.

"திரும்பிப் பாக்காதே. நீ பாட்டுக்கு விளையாடு."

தையல்காரி மகளிடம் சொல்லிவிட்டாளே தவிர, அவளே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பள்ளிக்கூடம் லீவு. லாரி எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே அவள் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "திறந்ததும் ரெண்டு பேருக்கும் ஃபீஸு, புத்தகம், ஷூன்னு வரிசையா நிக்கும். அதுவரைக்கும் சினிமா, ஐஸ்க்ரீம்னு ஒரு காசு வெளிய போகக் கூடாது, ஆமா."

போகவில்லை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது?

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. காலையிலிருந்து யூனிஃபார்ம் தைத்துவிட்டு, மூன்று மணிக்கு மெஷினை மூடுவாள். ரெண்டு பேருக்கும் தலை வாரி, இருப்பதில் நல்ல கவுனாக மாட்டி, "வாங்கடி, வீடு பாக்கப் போலாம்" என்று நாலு தெரு தள்ளியிருக்கும் ஃபர்னிச்சர் கடை மாடிக்குக் கூட்டி வந்துவிடுவாள்.

ஏசி குளுகுளுவென்று இருக்கும். மாடி முழுக்க சுவர் இல்லாத வீடுகள். கட்டில், மேசை, விளக்கு, விரிப்பு எல்லாம் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். தினம் ஒரு வீடு. இன்றைக்குச் சின்னவள் தேர்ந்தெடுத்தது பச்சைத் திரை போட்ட வீடு.

"நான்தான் ஆபீஸ் போற அம்மா. நீ சமைச்சு வை," என்றாள் பெரியவள்.

"நேத்தும் நான்தானே சமைச்சேன்! இன்னிக்கு ஹோட்டல்ல வாங்கு."

"வாங்க முடியாது. அப்பா வந்தா தோலை உரிச்சிடுவாரு."

இவ்வளவு பெரிய வீட்டிலும் அதே கறார். தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது.

ஒருநாள் விரட்டத்தான் போகிறார்கள், அது அவளுக்குத் தெரியும். விரட்டட்டும். பிள்ளைகள் முன்னால் மட்டும் வேண்டாம்.

பத்தடி தள்ளி நின்றவன் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினான். நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தான். மறுபடி எழுதினான்.

அவ்வளவுதான். ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்தது வாயைத் தாண்டி வந்துவிட்டது.

"என்னங்க வேணும் உங்களுக்கு? எங்களைப் பாத்தா திருட வந்தவங்க மாதிரி இருக்கா? இந்தக் கட்டிலைத் தூக்கிக் கவுனுக்குள்ள ஒளிச்சுக்கிட்டா போகப் போறோம்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா..."

"பின்ன எதுக்குப் போலீஸ்காரர் மாதிரி பின்னாலயே வர்றீங்க? போங்க. போய் வேற ஆளைப் பாருங்க."

அவன் முகம் சிவந்துவிட்டது. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, தலை குனிந்தபடி படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

ஒழிந்தது சனியன் என்று அவள் மூச்சு விட்டு முடிக்கவில்லை. கண்ணாடி போட்ட இன்னொரு விற்பனையாளன் எங்கிருந்தோ ஓடி வந்தான்.

"வாங்க மேடம், கட்டிலா பாக்கறீங்க? எவ்வளவுக்குள்ள எதிர்பாக்கறீங்க?"

"இல்ல... சும்மா பாக்கறோம்."

"பாப்பா, எந்திரி எந்திரி. அதுல உக்காரக் கூடாது. வாங்கறதா இருந்தா சொல்லுங்க மேடம். இல்லேன்னா இடத்தை அடைச்சுக்கிட்டு..."

சின்னவள் கட்டில் விளிம்பிலிருந்து சறுக்கி இறங்கினாள். ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடினாள். பெரியவள் எதையும் தேடவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க என் கஸ்டமர்."

டை கட்டினவன்தான். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்திருந்தான்.

கண்ணாடிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, ஒன்பது நாளா நோட்டுல இதே கஸ்டமரையா எழுதறீங்க? ஒரு கஸ்டமரோட நிக்கற வரைக்கும் அடுத்த கஸ்டமரைத் தர மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? தினம் இந்த நேரத்துல வர்ற வியாபாரத்தையெல்லாம் நாங்கதான் அள்ளிட்டுப் போறோம். இப்பக்கூடக் கீழ ஒரு குடும்பம் நிக்குது. புது வீட்டுக்கு மொத்தமா வாங்கறாங்களாம். உங்க முறைதான். கமிஷனே ஒரு மாசச் சம்பளம் வரும். நீங்க இறங்குங்க, இவங்களை நான் பேசி அனுப்பி வச்சிடறேன்."

டை கட்டினவர் சின்னவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"நீ போய் அவங்களைக் கவனிப்பா. நான் இவங்களுக்கு வீடு காட்டிக்கிட்டு இருக்கேன்."

கண்ணாடிக்காரன் படிக்கட்டில் தடதடவென்று ஓடினான்.

அவர் பழையபடி பத்தடி தள்ளிப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல்காரி சின்னவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அடி பெரியவளே, வாசல்ல மாமா நிக்கறாங்க பாரு. உள்ள கூப்பிட்டு நாற்காலி போடு."