ட்யூபின் மறுமுனை

மழை பிடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சரிவில் நின்றாள். மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி, நிற்பது ஒன்று. ஐந்தும் அவள் சரிவை வெட்டி, ஓரத்தில் கல்சுவர் வைத்துக் கட்டியவை.

மேல்மலையில் கல்லுக்கா பஞ்சம்? தோண்டின இடத்திலேயே கிடைத்தது. சிமெண்ட் கிடையாது. கல்லோடு கல்.

"முதல் மழைக்கே உக்காந்துரும்டி" என்றிருந்தான் புருஷன், சவரிமுத்து மேஸ்திரி. சொன்னதோடு விட்டானா? சுவர் சரிந்தால் இனிமேல் அவள் சுத்தியலைத் தொடக் கூடாது என்று பந்தயம் வேறு. அவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் அவனிடம் சித்தாள். கல் சுமந்தாள், கலவை சுமந்தாள். அவன் மட்டம் பார்க்கும்போது, தண்ணீர் நிரப்பிய ட்யூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"ஏத்தவா, எறக்கவா?" என்று கேட்பாள். அவன் சொல்வான்.

கைக்குத்தான் வேலை. கண் சும்மாதானே இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

இந்தச் சரிவில் எதைப் போட்டாலும் மழை வாரிக்கொண்டு போய்விடும். போன வருஷம் போட்ட பீன்ஸ் விதை மண்ணோடு ரோட்டுக்குப் போனது. அதற்குத்தான் இந்தப் படிகள். தண்ணீர் ஓடாமல் தங்கட்டும் என்று ஒவ்வொன்றையும் மலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வெட்டினாள். மட்டம் பார்க்க மறுமுனை பிடிப்பார் இல்லை. குச்சி நட்டு அதில் கட்டிக்கொண்டாள்.

மழை வலுத்தது.

கீழ்ச்சுவரில் ஒரு கல் அசைவதுபோல் இருந்தது. இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தாள்.

கல் அசையவில்லை.

இடுக்கில் கசிந்த தண்ணீர் விரலில் வழிந்தது. தெளிந்த தண்ணீர்.

ரோட்டைப் பார்த்தாள். மழைக்கு மழை சேறாகக் கிடக்கும் இடம், கழுவிவிட்டது மாதிரி கறுப்பாகக் கிடந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திமிர் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். திமிர்தான்.

மழை விட்டதும் மேஸ்திரி வெளியே வந்தான். ஒவ்வொரு சுவராக உதைத்துப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினான். ஐந்தையும் உதைத்தான். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அதற்கும் மேலே, ஆறாவது படிக்கு அவள் குறித்து வைத்த இடத்தில் குச்சி நின்றது. அதில் ட்யூபின் முனை கட்டியிருந்தது.

அவிழ்த்தான். துண்டால் துடைத்தான். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் தன் முனையைக் கையில் எடுத்தாள். இந்த முறை கேட்டது அவன்.

"ஏத்தவா, எறக்கவா?"

அவள் ட்யூபில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.